புரோலினில் தொடங்குங்கள்: சமச்சீரற்ற கரிம வினையூக்கத்தில் முதல் வினை

என் முதல் சமச்சீரற்ற வினைக்கு 99 சதவீதத்துக்கு மேல் ஈ.ஈ. கிடைத்தது. சமச்சீரற்ற வினை என்றால் ஒரு மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்றை அதிகமாகத் தரும் வினை, ஈ.ஈ. (எனன்சியோமெரிக் எக்செஸ்) அந்த மிகுதியின் அளவு. எச்.பி.எல்.சி. (கலவையைக் குழாய் வழியே செலுத்திப் பிரிக்கும் கருவி) வரைபடத்தில் ஒரே ஒரு சிகரம், ஊசி மாதிரி. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாள் மூத்த மாணவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரசெமிக் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார். இரண்டு கைகளும் சரிபாதியாக உள்ள கலவையைச் சொன்னார். போடவில்லை. அன்று மாலையே செய்து போட்டேன். அதுவும் ஒரே சிகரம்தான். அந்தக் கைரல் (தானே கையுள்ள) குழாயால் என் சேர்மத்தின் இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரிக்கவே முடியாது, அவ்வளவுதான் விஷயம். வேறொரு குழாயில் போட்டபோது உண்மை எண் 31 என்று வந்தது.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். வினையைப் பிறகு வைத்துக்கொள்வோம், முதலில் அதை அளக்கும் கண்ணைத் தயார் செய்வோம். விளைச்சலைத் தராசு காட்டிவிடும், தூய்மையை என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) காட்டிவிடும். ஆனால் நீங்கள் செய்த மூலக்கூறு எந்தக் கை என்பதைச் சாதாரணமாக எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது. கேட்கத் தெரிந்து கேட்டால்தான் சொல்லும்.

எதைச் செய்யப்போகிறோம்

ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் அந்த மூலக்கூறுக்கும் அதன் கண்ணாடி பிம்பத்துக்கும் வலக்கை, இடக்கை போன்ற உறவு. ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. இவைதான் எனன்சியோமர்கள். உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன் எல்லாம் ஒன்றே. ஆனால் உயிருள்ள உடல் கைரல் என்பதால் அதற்கு இரண்டும் வேறு. கார்வோனின் ஒரு வடிவம் புதினா வகை மணம், மற்றொன்று கேரவே விதை மணம். மூக்குக்கே வித்தியாசம் தெரிகிறது என்றால் மருந்து ஏற்பிகளுக்குத் தெரியாதா?

சாதாரண வினையில் இரண்டும் 50:50 கிடைக்கும். இதற்கு ரசெமிக் கலவை என்று பெயர். ஒன்றை மட்டும் அதிகமாகச் செய்ய, வினை நடக்கும் இடத்தில் ஏற்கெனவே கையுள்ள ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தவை நொதிகளும் உலோக வினையூக்கிகளும். மூன்றாவது வழி, உலோகமே இல்லாத சின்ன கரிம மூலக்கூறு.

இது புது யோசனையும் இல்லை. 1912இலேயே பிரெடிக், ஃபிஸ்கே இருவரும் சின்கோனா ஆல்கலாய்டுகளைக் கொண்டு பென்சால்டிஹைடில் ஹைட்ரஜன் சயனைடைச் சேர்த்துப் பார்த்தார்கள். தேர்வு மிகக் குறைவாகத்தான் வந்தது. 1971இல் இரண்டு மருந்து நிறுவனங்களின் வேதியியலாளர்கள், ஹாயோஸ்-பேரிஷ் ஒரு பக்கம், எடர்-சாவர்-வீஷெர்ட் மறுபக்கம், ஸ்டீராய்டு தயாரிப்புக்காக எல்-புரோலின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வளையம் மூடும் ஆல்டால் வினை (இரண்டு கார்பனைல் பகுதிகளைக் கார்பன்-கார்பன் பிணைப்பால் சேர்க்கும் வினை) செய்தார்கள். பிரமாதமான முடிவு. ஆனால் உலகம் அதை ஸ்டீராய்டுக்கான ஒரு தனித் தந்திரமாகப் பார்த்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலமாரியில் வைத்துவிட்டது.

2000இல் பெஞ்சமின் லிஸ்ட், லெர்னர், பார்பாஸ் மூவரும் கேட்டது எளிய கேள்வி. ஆல்டால் வினை செய்யும் எதிர்ப்பொருள்களில் (ஆன்டிபாடி என்ற புரதங்களில்) உண்மையில் வேலை செய்வது ஓர் அமீன் தொகுதிதான். அப்படியானால் அந்தப் பெரிய புரதம் எதற்கு, ஒரு அமினோ அமிலம் போதாதா? போதும் என்று தெரிந்தது. அதே ஆண்டு டேவிட் மாக்மில்லன் குழு இமிடசோலிடினோன் என்ற வினையூக்கியால் டீல்ஸ்-ஆல்டர் வினையை (இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஆறு அணு வளையம் ஆகும் வினை) செய்து காட்டியது. இத்துறைக்குக் கரிம வினையூக்கம் என்ற பெயரை நிலைக்கச் செய்ததும் அவர்தான். 2021இல் லிஸ்ட், மாக்மில்லன் இருவருக்கும் வேதியியல் நோபல்.

நாம் செய்யப்போவது லிஸ்ட்டின் அந்த 2000ஆம் ஆண்டு வினை: அசிட்டோனும் 4-நைட்ரோபென்சால்டிஹைடும் சேர்ந்து ஒரு பீட்டா-ஹைட்ராக்சி கீட்டோன். வினையூக்கி எல்-புரோலின். அவர்களுக்குக் கிடைத்தது 68 சதவீத விளைச்சல், 76 சதவீத ஈ.ஈ.

76தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். அதே தாளில் ஐசோபியூட்டிரால்டிஹைடுக்கு 96 சதவீத ஈ.ஈ. இருக்கிறது. ஆனால் அந்தப் பொருளில் பென்சீன் வளையம் கிடையாது, எச்.பி.எல்.சி.யின் புறஊதா உணரிக்கு அது கண்ணில் படுவதே கஷ்டம். புதியவருக்கு நைட்ரோ சேர்மம்தான் தோழன். டி.எல்.சி.யில் (சிலிக்கா பூசிய தட்டில் புள்ளி வைத்துப் பார்க்கும் சோதனை) பளிச்சென்று தெரியும், 254 நானோமீட்டரில் கொழுத்த சிகரம் தரும். இன்னொரு லாபமும் உண்டு. 76 என்பது நடுத்தரமான எண். கை தவறினால் 60க்கு இறங்கும், அளவீட்டில் பிசகினால் 90க்கு ஏறும். இரண்டும் உடனே உறுத்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

புரோலினில் இரண்டு கருவிகள் உள்ளன, ஓர் இரண்டாம்நிலை அமீனும் ஒரு கார்பாக்சிலிக் அமிலமும். அமீன் அசிட்டோனின் கார்பனைலைத் தாக்கும், நீர் வெளியேறும், இமினியம் அயனி வரும். அது ஒரு புரோட்டானை இழந்தால் எனமைன். அசிட்டோனாக இருந்தபோது சாதுவாக இருந்த கார்பன் இப்போது எலக்ட்ரான் நிறைந்து, தாக்கத் தயாராக நிற்கிறது.

இனி அமிலத்தின் முறை. உள்ளே வரும் ஆல்டிஹைடின் ஆக்சிஜனை அது ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். புரோலினின் ஐந்து அணு வளையம் விறைப்பானது. அமிலம் அதன் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அதனால் ஆல்டிஹைடு அந்தப் பக்கமாகத்தான் வர முடியும், வந்தாலும் தன் ஒரு முகத்தைக் காட்டித்தான் உட்கார முடியும். கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாகிறது, முதலில் வெளியேறிய நீர் திரும்பி வந்து இமினியத்தை உடைக்கிறது, பொருள் விடுபடுகிறது, புரோலின் அடுத்த சுற்றுக்குப் போகிறது. எல்-புரோலின் போட்டால் ஆர் வடிவம் மிகும் (ஆர், எஸ் என்பவை இரண்டு கைகளுக்கும் வைக்கும் பெயர்கள்).

இதெல்லாம் எவ்வளவு சின்ன ஆற்றல் வித்தியாசத்தில் நடக்கிறது தெரியுமா? 76 சதவீத ஈ.ஈ. என்றால் இரு வடிவங்களும் 88:12. அறை வெப்பநிலையில் அதற்கு இரண்டு பாதைகளுக்கும் இடையே மோலுக்கு சுமார் 1.2 கிலோகலோரி வேறுபாடு போதும். 99 சதவீதத்துக்குப் போனாலும் 3 கிலோகலோரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஈத்தேன் மூலக்கூறில் ஒரு மெத்தில் மற்றொன்றைச் சுற்றித் திரும்பும்போது ஏற்படும் தடையே ஏறத்தாழ அவ்வளவுதான். வெப்பநிலை, கரைப்பான், கொஞ்சம் அமிலம், கொஞ்சம் நீர் என்று சில்லறை விஷயங்கள் ஈ.ஈ.யை ஆட்டிப்படைப்பது இதனால்தான்.

முதல் படி: ரசெமிக்

எல்-புரோலின் பாட்டிலைத் தொடாதீர்கள். இரண்டு கைகளும் கலந்த டி,எல்-புரோலினை எடுத்து, கீழே சொல்லப்போகும் அதே வினையைச் செய்யுங்கள். எந்த விளைச்சல் வந்தாலும் சரி, 20 மி.கி. கையில் கிடைத்தால் போதும்.

டி,எல்-புரோலின் இல்லை என்றால் பலரும் பிர்ரோலிடினைப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அதில் அமிலத் தொகுதி இல்லை, காரத்தன்மை அதிகம். பொருள் நீரை இழந்து எனோனாக (கார்பனைலுக்கு அடுத்து இரட்டைப் பிணைப்பு உள்ள கீட்டோனாக) மாறுவது கூடும். இன்னொரு வழி, எல்-புரோலினிலும் டி-புரோலினிலும் தனித்தனியே செய்த பொருள்களைக் கலப்பது. எப்படியும் டி-புரோலின் வினை பின்னால் தேவைப்படும், ஆகவே இது நல்ல வழிதான்.

ரசெமிக் பொருளைச் சிலிக்காவில் சுத்தம் செய்து எச்.பி.எல்.சி.யில் போடுங்கள். ஏ.எஸ்-எச் வகைக் கைரல் குழாய், ஹெக்சேன்-ஐசோபுரோப்பனால் 70:30, நிமிடத்துக்கு 1 மி.லி., 254 நானோமீட்டர். இந்தச் சேர்மத்துக்கு இது பலரும் பயன்படுத்தும் தொடக்கம். தேவையானது இரண்டு சிகரங்கள், நடுவே கோடு அடித்தளம் வரை இறங்க வேண்டும். பரப்பளவு 50:50 இருக்க வேண்டும். 53:47 என்று வந்தால் "கிட்டத்தட்ட சரி" என்று விட்டுவிடாதீர்கள். ஏதோ ஒரு மாசு ஒரு சிகரத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

அது என்ன மாசு என்று கண்டுபிடிக்க, தொடக்கப்பொருளான ஆல்டிஹைடைத் தனியாக ஒரு முறை போடுங்கள், எனோனையும் தனியாக ஒரு முறை. எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நைட்ரோ வளையம் கொண்ட எல்லாமே 254இல் பலமாக உறிஞ்சும், அதனால் 2 சதவீத ஆல்டிஹைடு மிச்சம் கூட உங்கள் எண்ணைக் கெடுத்துவிடும்.

கைரல் குழாய் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏ.டி., ஏ.எஸ்., ஓ.டி., ஓ.ஜே. போன்றவற்றில் சர்க்கரைப் பாலிமர் சிலிக்காவின் மேல் வெறும் பூச்சாக இருக்கிறது. டைகுளோரோமீத்தேன், குளோரோபாம், டி.எச்.எஃப்., எத்தில் அசிட்டேட், அசிட்டோன் எது உள்ளே போனாலும் பூச்சு கரைந்து குழாய் பாழாகும். சாம்பிளை ஐசோபுரோப்பனாலில்தான் கரைக்க வேண்டும், வடிகட்டித்தான் செலுத்த வேண்டும். ஐ.ஏ., ஐ.பி., ஐ.சி. வகைகளில் பாலிமர் வேதிப்பிணைப்பால் ஒட்டவைக்கப்பட்டிருப்பதால் அவை இவற்றைத் தாங்கும். எந்தக் குழாய் பூட்டியிருக்கிறது என்று பார்க்காமல் ஊசியை நீட்டாதீர்கள். அதன் விலை தெரிந்த பிறகு யாரும் நீட்டுவதில்லை.

இரண்டாம் படி: பாட்டில்களைப் பாருங்கள்

இந்த வினைக்கு நைட்ரஜன் வேண்டாம், உலர்ந்த கரைப்பான் வேண்டாம், குளோவ் பாக்ஸ் வேண்டாம். உலோக வினையூக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இது ஏதோ விடுமுறை மாதிரி இருக்கும். ஆனால் அந்த உற்சாகத்தில் ஆல்டிஹைடைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

ஆல்டிஹைடு காற்றில் மெல்ல அமிலமாகும். பழைய பென்சால்டிஹைடு பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள், மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருக்கும். அது பென்சாயிக் அமிலம். திரவ ஆல்டிஹைடுகளைப் பயன்படுத்தும் நாளில் காய்ச்சி வடித்துக்கொள்வது நல்லது. 4-நைட்ரோபென்சால்டிஹைடு திண்மம், இந்த விஷயத்தில் சமர்த்து. நல்ல மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும், 103 முதல் 106 டிகிரிக்குள் உருகும். சந்தேகம் இருந்தால் ஒரு என்.எம்.ஆர். எடுத்துவிடுங்கள்.

புரோலின் ஈரம் இழுக்கும். பொடி கட்டிகட்டியாக இருந்தால் வெற்றிடத்தில் சில மணி நேரம் உலர்த்துங்கள். நம் கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) 18 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும். குளிர்ந்த அறையில் பாட்டில் பாறையாக இருந்தால் பயப்பட வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். அது தோல் வழியாக உள்ளே போகும், போகும்போது தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். நைட்ரோ சேர்மக் கரைசல் கையுறையில் சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

மூன்றாம் படி: வினை

அளவுகள் 1 மில்லிமோலுக்கு.

எல்-புரோலின் 34.5 மி.கி., அதாவது 30 மோல் சதவீதம். இதை ஒரு சிறு குடுவையில் எடுத்து 8 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வும் 2 மி.லி. அசிட்டோனும் ஊற்றி, காந்தக் கிளறியில் 15 நிமிடம் விடுங்கள். புரோலின் முழுக்கக் கரையாது. வெள்ளைத் துகள்கள் அடியில் சுழன்றுகொண்டே இருக்கும். அது இயல்பு. எல்லாம் கரையட்டும் என்று சூடுபடுத்தினால் வினையையே வேறு வெப்பநிலையில் தொடங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பிறகு 151 மி.கி. ஆல்டிஹைடைச் சேர்த்து, மூடி, அறை வெப்பநிலையில் கிளற விடுங்கள். இங்கே அசிட்டோன் சுமார் 27 மடங்கு அதிகமாக இருக்கிறது. காரணம் உண்டு. ஆல்டிஹைடும் புரோலினோடு சேரக்கூடியதுதான். அப்படிச் சேர்ந்தால் ஆக்சசோலிடினோன் என்ற முட்டுச்சந்தில் போய் நிற்கும். சில சமயம் அங்கிருந்து கார்பன் டைஆக்சைடு வெளியேறி வினையூக்கியே செத்துவிடும், கரைசல் பழுப்பாகும். அசிட்டோன் வெள்ளமாக இருந்தால் புரோலின் பெரும்பாலும் அதனோடுதான் சேரும்.

30 மோல் சதவீதம் என்பது பெரிய அளவு, மறைப்பதற்கில்லை. 68 சதவீத விளைச்சல் என்றால் ஒரு புரோலின் மூலக்கூறு சராசரியாக இரண்டு தடவைக்குச் சற்று மேல்தான் சுற்றியிருக்கிறது. நல்ல உலோக வினையூக்கிகள் ஆயிரக்கணக்கில் சுற்றும். புரோலின் மலிவு, நீரில் கழுவினால் போய்விடும், அதனால் இங்கே பொறுத்துக்கொள்கிறோம். விலையுயர்ந்த வினையூக்கியில் இதே அளவு போட்டால் பொறுத்துக்கொள்ள முடியாது.

டி.எல்.சி.யை ஒரு மணி நேரத்திலும், இரண்டு, நான்கு மணி நேரத்திலும் பாருங்கள். ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் 3:2 சரியாக இருக்கும். வினைக் கரைசலை நேரடியாகத் தட்டில் வைத்தால் டி.எம்.எஸ்.ஓ. பரவி எல்லாம் வாலாக இழுக்கும். ஒரு சொட்டை சிறு குப்பியில் எடுத்து, நீரும் எத்தில் அசிட்டேட்டும் சேர்த்துக் குலுக்கி, மேல் அடுக்கிலிருந்து புள்ளி வையுங்கள். மேலே ஆல்டிஹைடு, அதற்குச் சற்றுக் கீழே மெல்லிய கோடாக எனோன், நன்றாகக் கீழே நம் பொருள். தட்டை நின்ஹைட்ரினில் தோய்த்துச் சூடாக்கினால் புரோலின் ஊதாவாக மாறாமல் மஞ்சளாக நிற்கும். இரண்டாம்நிலை அமீன் என்பதன் அடையாளம் அது.

ஆல்டிஹைடு தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு நாள் ஓடட்டும்" என்பது இங்கே நல்ல பழக்கம் இல்லை. ஆல்டால் வினை பின்னோக்கியும் போகக்கூடியது, எனோனும் நேரத்தோடு வளரும்.

நான்காம் படி: வெளியே எடுத்தல்

நிறைவுற்ற அம்மோனியம் குளோரைடு கரைசல் 10 மி.லி. ஊற்றி, எத்தில் அசிட்டேட்டில் மூன்று முறை பிரித்தெடுங்கள். சேர்த்த கரிம அடுக்கை நீராலும் உப்பு நீராலும் மாற்றிமாற்றிக் கழுவுங்கள். டி.எம்.எஸ்.ஓ. பிடிவாதக்காரன், மூன்று முறையாவது கழுவினால்தான் போகும். என்.எம்.ஆரில் 2.6 பி.பி.எம். அருகே ஒற்றைக் கோடு தெரிந்தால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, ரோட்டாவேப்பில் (வெற்றிடத்தில் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரியைத் தாண்டாமல் கரைப்பானை இறக்குங்கள். இப்போது, சிலிக்காவில் போடும் முன்பே, கசடாக, அதாவது சுத்தம் செய்யாமல் இருக்கும் இந்த நிலையிலேயே ஒரு என்.எம்.ஆர். எடுங்கள். ஆல்டிஹைடு மிச்சம் இருந்தால் 10.2இல் தெரியும். எனோன் இருந்தால் 16 ஹெர்ட்ஸ் பிளவோடு இரட்டைக் கோடுகள். நம் பொருளில் மெத்தில் 2.2இல், சி.எச்.-ஓ.எச். ஹைட்ரஜன் 5.3க்கு அருகில், வளையத்தின் இரண்டு இரட்டைக் கோடுகள் 7.5இலும் 8.2இலும்.

பிறகு சிலிக்கா. கோட்பாட்டு விளைச்சல் 209 மி.கி., உங்களுக்கு 140 வந்தால் திருப்திப்படலாம்.

இந்த இடத்தில்தான் பலரும், அனுபவசாலிகள் உட்பட, தெரியாமலே தவறு செய்கிறார்கள். குழாயிலிருந்து வந்த பகுதிகளில் "நடுவில் வந்தது சுத்தமாக இருக்கிறது" என்று அதை மட்டும் எடுத்து ஈ.ஈ. அளப்பார்கள். சாதாரணச் சிலிக்காவுக்குக் கை கிடையாது, எனவே அது எதையும் மாற்றாது என்று நினைப்பு. ஆனால் இரண்டு எனன்சியோமர்கள் சமமில்லாமல் கலந்திருக்கும்போது, ஒரே கை மூலக்கூறுகள் சேரும் ஜோடியும் எதிர்க் கைகள் சேரும் ஜோடியும் சிலிக்காவில் ஒரே வேகத்தில் நகர வேண்டியதில்லை. அதனால் முதலில் வரும் பகுதியில் ஒரு ஈ.ஈ., கடைசிப் பகுதியில் வேறொரு ஈ.ஈ. என்று வரக்கூடும். எனன்சியோமர்கள் தாமாகவே பங்கு பிரிந்துகொள்ளும் இந்த விளைவு எல்லாச் சேர்மத்திலும் பெரிதாக இருக்காது. ஹைட்ரஜன் பிணைப்பு பலமாக உள்ள அமைடுகளிலும் புளூரின் சேர்மங்களிலும் கவனிக்கத்தக்க அளவில் வரும். நம் பொருளில் ஒரு ஹைட்ராக்சி இருக்கிறது. எனவே பொருள் உள்ள எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து, கலக்கி, அதிலிருந்து சாம்பிள் எடுங்கள். படிகமாக்கல் இதைவிடக் கொடுமை. 76ஐ 95 ஆக்கிவிடும், அது படிகத்தின் சாதனை, வினையூக்கியின் சாதனை ஆகாது. படிகமாக்குவதில் தவறில்லை. முன்னும் பின்னும் இரண்டு எண்களையும் எழுதுங்கள், போதும்.

ஐந்தாம் படி: எந்தக் கை, எவ்வளவு

ரசெமிக் சாம்பிள், அப்புறம் எல்-புரோலின் சாம்பிள், அப்புறம் மீண்டும் ரசெமிக். ஒரே நாளில், ஒரே கரைப்பானில், இந்த வரிசையில் போடுங்கள். கரைப்பான் கொஞ்சம் ஆவியானாலும் சிகரங்கள் நகரும். நேற்றைய ரசெமிக்கை இன்றைய சாம்பிளோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.

கணக்கு எளிது. பெரிய பரப்பிலிருந்து சின்னதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 88, 12 என்றால் 76. மென்பொருள் தானாக இழுக்கும் அடிக்கோட்டை அப்படியே நம்பாதீர்கள். சின்னச் சிகரம் பெரியதன் வாலில் உட்கார்ந்திருந்தால், அடிக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதிலேயே இரண்டு மூன்று சதவீதம் ஆடும். பெரிய சிகரம் உணரியின் உச்ச வரம்பைத் தொட்டுத் தட்டையாகிவிட்டால் உண்மையைவிடக் குறைந்த ஈ.ஈ. காட்டும். நீர்த்துப் போடுங்கள்.

இப்போது டி-புரோலின். அதே வினையை அதில் செய்து போட்டால் பெரிய சிகரமும் சின்னச் சிகரமும் இடம் மாற வேண்டும், எண் ஏறத்தாழ அதே 76 ஆக இருக்க வேண்டும். இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. எல்-இல் 76, டி-யில் 64 என்று வந்தால் ஏதோ ஒரு மாசு ஒரு சிகரத்தின் கீழ் இருக்கிறது, இல்லாவிட்டால் டி-புரோலின் பாட்டிலே தூய்மையாக இல்லை.

ஆர் வடிவமா எஸ் வடிவமா என்பதை எச்.பி.எல்.சி. தானாகச் சொல்லாது. எந்தச் சிகரம் முதலில் வரும் என்பது குழாயைப் பொறுத்து மாறும். ஏற்கெனவே தெரிந்த சேர்மம் என்பதால் ஒளிச்சுழற்சியை அளந்து, அதே கரைப்பானில் அதே செறிவில் வெளியான மதிப்பின் குறியோடு ஒப்பிடலாம். புதுச் சேர்மம் என்றால் எக்ஸ்-கதிர் படிக ஆய்வு போன்ற வலுவான சான்று வேண்டும். "இதுவும் அதே வினையூக்கி, ஆகவே இதுவும் ஆர்தான்" என்று எழுதிவிட்டு பிறகு திருத்தம் வெளியிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆர், எஸ் என்பது பக்கத் தொகுதிகளின் முன்னுரிமையைப் பொறுத்த பெயர் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். வடிவம் அதேதான், ஒரு தொகுதி மாறியதால் எழுத்து மட்டும் மாறிவிட்டது என்பதும் நடக்கும்.

எண் சரியாக வரவில்லையா?

விளைச்சல் குறைவு, ஈ.ஈ. சரி என்றால் பெரும்பாலும் வேதிவினை நன்றாகத்தான் நடந்திருக்கிறது. கழுவும்போதோ எனோனாகவோ பொருள் போயிருக்கிறது. விளைச்சல் சரி, ஈ.ஈ. குறைவு என்றால்தான் யோசிக்க வேண்டும். வினையூக்கி இல்லாமலேயே நடக்கும் ஒரு பக்கப் பாதை இருக்கலாம். புரோலின் இல்லாத வெற்று வினை ஒன்று போட்டுப் பாருங்கள். காரம் எங்கிருந்தாவது கலந்ததா என்றும் பாருங்கள். ட்ரைஎத்திலமீன் வாடை உள்ள ரோட்டாவேப்பும் குற்றவாளியாக இருக்கலாம். நீர் கொஞ்சம் இருந்தால் வினையூக்கி விடுபட உதவும், நிறைய இருந்தால் அந்த ஹைட்ரஜன் பிணைப்பைக் குலைத்துத் தேர்வைக் கெடுக்கும். வெப்பநிலையைக் குறைத்தால் ஈ.ஈ. பொதுவாக ஏறும், நேரமும் ஏறும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றி நல்ல எண் வந்துவிட்டால் எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாது.

அடுத்த வினையூக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் வினையூக்கிப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு அழகானதாகத் தேடுவார்கள். தொடக்கப்பொருளைப் பாருங்கள், அதுவே சொல்லும்.

கீட்டோன் அல்லது ஆல்டிஹைடு தாக்கும் பக்கமாக இருந்தால் எனமைன் வழி, புரோலின் குடும்பம். ஆல்டிஹைடு நைட்ரோஸ்டைரீன் போன்றதோடு சேர வேண்டுமானால் 2005இல் ஹயாஷியும் யோர்கன்சனும் தனித்தனியே கொண்டுவந்த டைஅரைல்புரோலினால் சிலில் ஈதர். அதில் அமிலம் கிடையாது. பருத்த தொகுதி ஒரு பக்கத்தைச் சுவர்போல அடைத்துக்கொள்ளும், வருபவர் மறுபக்கம்தான் போக வேண்டும். நைட்ரோஸ்டைரீன்கள் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், புகைக்கூண்டுக்குள் வைத்தே எடை போடுங்கள்.

ஆல்டிஹைடில் இரட்டைப் பிணைப்பு அடுத்தே இருந்து, அது தாக்கப்படும் பக்கமாக இருந்தால் இமினியம் வழி, மாக்மில்லனின் இமிடசோலிடினோன். இங்கே கூடவே போடும் அமிலத்தை மாற்றினாலே முடிவு மாறும், அதனால் அமிலத்தையும் வினையூக்கியின் பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அமீனோடு சேரக்கூடிய கார்பனைலே இல்லை, இமீன் அல்லது நைட்ரோ சேர்மம்தான் இருக்கிறது என்றால் ஹைட்ரஜன் பிணைப்பு. ஜேக்கப்சன், டக்கெமோட்டோ வழிவந்த தயோயூரியாக்கள் ஒரு பக்கம், 2004இல் அக்கியாமாவும் டெராடாவும் அறிமுகப்படுத்திய பைனால் (BINOL, இரண்டு நாப்தால்கள் இணைந்த சேர்மம்) பாஸ்பாரிக் அமிலங்கள் மறுபக்கம்.

அந்தப் பாஸ்பாரிக் அமிலங்களைத் தொடுவதற்கு முன் ஒன்று. அதைச் சிலிக்காவில் சுத்தம் செய்தால் சிலிக்காவில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உப்பாக வெளியே வரும். பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. 2010இல் இஷிஹாரா குழு இதைத் தோண்டிப் பார்த்தது. சில வினைகளில் அமிலம் என்று நினைத்துப் போட்டது உண்மையில் கால்சியம் உப்பு. இரண்டும் எதிரெதிர்க் கைகளைக் கொடுத்த வினையும் உண்டு. ஆகவே சிலிக்காவுக்குப் பிறகு வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். உலோகமில்லா வினையூக்கம் என்று பெயர் வைத்துவிட்டு உலோகத்தைக் கலந்து வைத்திருப்போம்.

இரண்டாவது வினை

அசிட்டோன் கைவந்ததும் சைக்ளோஹெக்சனோன் எடுங்கள், ஆல்டிஹைடு அதேதான். இப்போது பொருளில் இரண்டு கைரல் கார்பன்கள். எதிர்ப்பக்கம், ஒரே பக்கம் என்று இரண்டு டயாஸ்டீரியோமர்கள் (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் ஆகாத வடிவங்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி பிம்பம். டயாஸ்டீரியோமர் விகிதத்தைக் கசடு என்.எம்.ஆரிலேயே படித்துவிடலாம். எதிர்ப்பக்க வடிவத்தின் சி.எச்.-ஓ.எச். ஹைட்ரஜன் 4.9இல், சுமார் 8 ஹெர்ட்ஸ் பிளவோடு வரும். மற்றது 5.5இல், பிளவு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். சிலிக்காவில் போட்ட பிறகு இந்த விகிதத்தை அளக்காதீர்கள். கீட்டோனுக்கு அடுத்த கார்பன் அமிலம் பட்டால் மெல்லத் திரும்பக்கூடியது, போதாதற்கு நீங்களே ஒரு வடிவத்தைக் கீழே ஊற்றியிருப்பீர்கள்.

ஈ.ஈ.க்கு எச்.பி.எல்.சி.யில் நான்கு சிகரங்கள் தனித்தனியாக வேண்டும். வினை ஓட ஓர் இரவு போதும். அந்த நான்கையும் பிரிக்க ஹெக்சேனும் ஐசோபுரோப்பனாலும் மாற்றிமாற்றி ஊற்றிக்கொண்டு ஒரு வாரம் போகலாம். அந்த வாரத்தை வினைக்கு முன்பாகவே செலவழித்துவிடுங்கள்.